விமானம் எளிது, தள்ளுவண்டி கடினம்

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மண் பரப்பி, கேழ்வரகு முளைக்க விட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து, ஒரு கிராமத்தையோ ரயில் நிலையத்தையோ அமைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ‘பார்க் கட்டுவது’ என்று அதற்குப் பெயர். அங்கே அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. செட்டியார் தம் மளிகைக் கடையைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார். போலீஸ்காரர் ரயில் என்ஜினைவிடப் பருமனாக நிற்பார். பார்க்க வந்தவர்கள் ரசித்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதே வேலையை அங்குலக் கணக்குப் பிசகாமல் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் நாட்டு நகரங்கள் சிலவற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் அமைக்கும் காட்சிக்கு ‘டயோரமா’ என்று பெயர். இரண்டாவது உலக மகா யுத்தத்து விமான தளம் என்றால் அவர்களில் பலருக்குத் தனிப் பிரியம். 72ல் ஒரு பங்கு, 48ல் ஒரு பங்கு என்று ஒரு அளவை வைத்துக்கொண்டால் கடைசி ஆணி வரை அந்த அளவுதான். 40 அடி இறக்கை கொண்ட ஹரிக்கேன் சண்டை விமானம் 48ல் ஒரு பங்கு அளவில் சரியாக 10 அங்குலம் வரும்.

விமானத்தைச் செய்வதில் இவர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியில் வந்துவிடுகின்றன. சந்தேகம் வந்தால் கைப்புத்தகங்கள் இருக்கின்றன, வரைபடங்கள் இருக்கின்றன. டில்லியில் பாலம் விமான நிலையத்தை ஒட்டிய விமானப்படை மியூசியத்தில் அசல் ஹரிக்கேன் ஒன்றே நிற்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. தரையில் நிற்கும் விமானத்தைச் சுற்றி ஏதாவது இருந்தாக வேண்டும். என்ஜினைக் கிளப்ப ஒரு வண்டி, பெட்ரோல் ஊற்ற ஒரு வண்டி, குண்டு ஏற்ற ஒரு வண்டி, ஏறி நின்று வேலை பார்க்க ஏணி, உருளாமல் தடுக்கத் தேருக்குப் போடுவது போல ஒரு முட்டுக்கட்டை. இவை எப்படி இருந்தன, என்ன நிறம், எத்தனை அடி, எந்தப் பக்கம் நின்றன?

ஓரத்தில் கிடைக்கும் சாட்சி

கேள்வி சிறியதாகத்தான் தெரியும். பதில் தேடப் புகுந்தவர்களுக்கு மாதக்கணக்கு போதாது. காரணம் எளியது. யுத்த காலத்தில் படம் எடுத்தவர்கள் விமானத்தையும் விமானியையும் எடுத்தார்கள். தள்ளுவண்டியை வேண்டுமென்று எடுத்தவர் அநேகமாக இல்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் சமையல்காரர் அரை முகத்தோடு அகப்பட்டுக்கொள்வது போல, படத்தின் ஓரத்தில் ஒரு சக்கரமும் கொஞ்சம் கம்பியும் தெரியும். மீதி வெட்டுப்பட்டிருக்கும். டயோரமாக்காரர் அந்த ஓரத்தைத்தான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்.

எழுத்து ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் பண்டகசாலைப் பொருள்களுக்கு ‘ஏர் பப்ளிகேஷன் 1086’ என்ற தலையணை போன்ற பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். அப்படி ஒரு பொருள் இருந்தது என்பதைப் பட்டியல் சொல்லிவிடும். எப்படி இருந்தது என்பதற்குத் திரும்பவும் படத்தின் ஓரத்துக்குத்தான் வர வேண்டும்.

அளவு எடுக்க ஒரு தந்திரம் கையாளுகிறார்கள். அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால் போதும். 44 காலன் பெட்ரோல் பீப்பாய் அதற்கு மிகவும் உகந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 88 சென்டிமீட்டர். எந்த நாட்டு விமான தளத்திலும் அது கிடக்கும். பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியின் உயரத்தை அதைக்கொண்டு கணக்கிட்டுவிடலாம். 48ல் ஒரு பங்கு அளவில் பீப்பாய் 18 மில்லிமீட்டர் வரும். நம் சுண்டுவிரலின் நுனிக்கணு அளவு.

நிறம்தான் ஆளை ஏய்ப்பது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கறுப்பு அல்ல. அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பைக் கறுப்பாக்கி, நீலத்தை வெளுப்பாக்கிக் காட்டும். மஞ்சளும் மங்கிப்போகும். வேறு வகைப் பிலிமில் அதே பொருள் வேறு மாதிரி விழும். எந்தப் பிலிம் என்று தெரியாமல் தள்ளுவண்டிக்கு வர்ணம் பூசுகிறவர், ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்க்கிறவர்தான்.

மூக்கு சொல்லும் சேதி

சில சமயம் விமானமே துப்புக் கொடுத்துவிடும். பிரிட்டிஷ் விமானப்படையில் ‘டிராலி அக்’ என்று ஒன்று இருந்தது. இரண்டு சக்கரங்கள் மேல் பெட்டி. பெட்டிக்குள் பெரிய பாட்டரிகள். கையால் இழுக்க ஒரு பிடி. மின்சாரம் கொடுக்க ஒரு நீண்ட கேபிள். கேபிளின் நுனியை விமானத்தில் சொருகினால் என்ஜின் சுழலும். விமானத்தின் சொந்த பாட்டரி மிச்சமாகும். பிந்தி வந்த சில வண்டிகளில் பாட்டரியை நிரப்பிக்கொள்ளச் சிறு பெட்ரோல் என்ஜினும் இருந்தது. ஆகவே ஆண்டு தெரியாமல் இந்த வண்டியைச் செய்ய முடியாது.

வண்டி வராத இடத்தில் ஹரிக்கேனைக் கையால் சுற்றியும் கிளப்பலாம். அதற்கான இரண்டு கைப்பிடிகளைச் சக்கரம் மடங்கும் குழிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இது தெரிந்தவர் டயோரமாவில் வண்டியையே வைக்காமல், இருபுறமும் இரண்டு ஆட்கள் கைப்பிடியைச் சுற்றுவதாகக் காட்டிவிடலாம். முன்னணித் தளத்துக்கு அது பொருத்தமாகவும் இருக்கும்.

எதிரணியில் கதை வேறு. ஜப்பானிய ராணுவத்தின் ‘ஹயபுசா’ விமானத்தின் மூக்கு நுனியில் கொக்கி போன்ற ஒரு அமைப்பு இருக்கும். லாரி ஒன்று எதிரே வந்து நின்று, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை அந்தக் கொக்கியில் மாட்டிச் சுழற்றிவிடும். லாரியின் என்ஜின் விமானத்தின் என்ஜினை எழுப்பும். ஆகவே மூக்கைப் பார்த்தே எந்த வண்டி முன்னால் நின்றிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஹரிக்கேன் முன்னால் இந்த லாரியை நிறுத்துவது, டீசல் ரயிலுக்குக் கரி அள்ளிப் போடுகிற மாதிரி.

பெட்டியில் வருவதையெல்லாம் நம்பிவிடுவதற்கும் இல்லை. ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி விமானங்களை 72ல் ஒரு பங்கில் செய்தது. பெட்ரோல் வண்டி, பழுது தூக்கும் கிரேன், ஆம்புலன்ஸ் முதலியவற்றை, பொம்மை ரயில்களுக்கு ஒத்துப்போகும் 76ல் ஒரு பங்கில் செய்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று நினைத்து இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் எண்ணிக்கையில் அடங்கார். ஆறு மீட்டர் லாரி ஒன்றில் நான்கு மில்லிமீட்டர் குறைகிறது. விமானி தன் பெட்ரோல் லாரிக்கு முன் கொலுச் செட்டியாராகிவிடுகிறார்.

பெட்ரோல் வண்டியின் பெயரிலும் ஒரு சங்கதி உண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் பம்பு செய்த சில்வானஸ் பவுசர் என்பவர் பெயரால் அதற்குப் ‘பவுசர்’ என்ற பெயர் நிலைத்தது. விமான தளங்களில் எல்லார் வாயிலும் புழங்கிய சொல். இலங்கைத் தமிழர்கள் தண்ணீர் லாரியை இன்றும் ‘தண்ணீர் பவுசர்’ என்றுதான் சொல்கிறார்கள். குண்டு வண்டிகளை இழுத்த டிராக்டருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் உண்டு. அதைச் செய்த டேவிட் பிரவுன் கம்பெனியின் முதலாளி 1947ல் ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியை வாங்கினார். அந்தக் கார்களின் பெயரில் வரும் ‘டிபி’ அவருடைய முதலெழுத்துகளே.

இம்பாலில் என்ன நின்றது?

இங்கிலாந்துத் தளங்களைப் பற்றி இந்த அளவுக்காவது தெரிகிறது. இந்தியத் தளம் ஒன்றை அமைக்க நினைப்பவருக்கு வழி இன்னும் கரடுமுரடு. உதாரணமாக 1944ல் இம்பால். ஜப்பானியர் சாலையைத் துண்டித்த பிறகு, ஜூன் 22ந் தேதி கோஹிமாப் பாதை மீண்டும் திறக்கும் வரை, அந்தப் பள்ளத்தாக்குக்கு வேண்டியதெல்லாம் ஆகாய மார்க்கமாகவே வந்தது. இம்பால் மெயின், பாலேல், துலிஹால், காங்லா, வாங்ஜிங், சபாம் என்று ஆறு தளங்கள். இந்திய விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் அர்ஜன் சிங் தலைமையில் ஹரிக்கேன்களோடு இம்பால் மெயினில் இருந்தது. அந்தப் போரில் காட்டிய திறமைக்காக அவருக்கு மவுண்ட்பேட்டன் அங்கேயே வந்து பதக்கம் குத்தினார். பிற்காலத்தில் விமானப்படையின் மார்ஷலாகி 2017ல் காலமானவர் அவர்தான். இம்பால் மெயின் இருந்த இடம் இன்று கொய்ரெங்கெய் என்ற பெயரில் அறியப்படுகிறது. இன்றைய இம்பால் விமான நிலையம் துலிஹாலில் இருக்கிறது.

ஹரிக்கேனுக்கு ஒரு முறை நிரப்ப ஏறக்குறைய 95 காலன் பெட்ரோல் வேண்டும். இரண்டு பீப்பாயும் கொஞ்சமும். பீப்பாயிலிருந்து கைப்பம்பால் ஏற்றும்போது புனலில் மெல்லிய ஷாமாய் தோலை விரித்து வடிகட்டுவார்கள். பெட்ரோலை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் தோல் அது. மழைக்கால பர்மா எல்லையில் அது இல்லாமல் பறக்க முடியாது. இங்கிலாந்துப் பெட்டியில் வரும் அழகான பவுசரை வைத்துக் காட்சியை நிரப்புவதைவிட, நான்கு பீப்பாய், ஒரு கைப்பம்பு, ஒரு புனல் என்று செய்வது உண்மைக்கு நெருக்கம். பீப்பாய் போக நான்கு காலன் தகர டின்களும் இருந்தன. நம் ஊர்களில் பிற்காலத்தில் தண்ணீர் சுமக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் உதவிய அதே சதுர டின். பெட்ரோலுக்கு அது லாயக்கில்லை, வழியெல்லாம் ஒழுகும். ஒழுகிய ஈரக்கறையையும் மண்ணில் காட்டினால் காட்சிக்கு உயிர் வரும்.

தரையே ஒரு தனி ஆராய்ச்சி. அமெரிக்கர்கள் துளையிட்ட எஃகுப் பலகைகளைக் கொக்கி மாட்டிக் கோத்து ஓடுபாதை விரித்தார்கள். ஒரு பலகை 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 66 ராத்தல் எடை, 87 துளைகள். 5,000 அடி நீளமும் 150 அடி அகலமும் உள்ள பாதைக்கு 60,000 பலகை பிடிக்கும். 1,800 டன் எஃகு! வடகிழக்கு இந்தியாவில் வீட்டு வேலியாகவும் வாய்க்கால் பாலமாகவும் இந்தப் பலகைகள் பல காலம் உழைத்தன. டயோரமாக்காரர் அளவெடுக்க மியூசியத்துக்குப் போக வேண்டியதில்லை, ஒரு வேலிக்குப் போனால் போதும்.

எஃகு கிடைக்காத இடத்தில் வங்காளத்துச் சணல் வந்தது. கல்கத்தா மில்களின் சாக்குத் துணியில் தார் ஏற்றி, கல்யாணப் பந்தலில் ஜமக்காளம் விரிப்பது போல ஒன்றின் ஓரத்தின் மேல் ஒன்று படியும்படி விரித்தார்கள். ‘பிட்ஹெஸ்’ என்று அதற்குப் பெயர். பர்மாப் போரில் சாலைகளுக்கும் விமானத் தளங்களுக்கும் அது பயன்பட்டது. எஃகுப் பாதையை எல்லாக் கடைகளிலும் பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். சணல் பாதையை நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். பழைய மல்துணியும் கறுப்பு வர்ணமும் போதும்.

யானை, ஏரி, மனிதர்

இந்தியாவிலும் இலங்கையிலும் தரைச் சாதனம் என்றால் இரும்பு மட்டும் இல்லை. அசாமில் ஒரு யானை பெட்ரோல் பீப்பாயைத் துதிக்கையால் தூக்கிச் சரக்கு விமானத்தின் வாசலில் வைக்கும் அமெரிக்கப் படம் பல புத்தகங்களில் வந்திருக்கிறது. இலங்கையில் புத்தளத்துக் கடற்படை விமான தளத்தில் ‘கோர்சேர்’ விமானங்களை இழுக்க யானையைக் கட்டினார்கள். இதைப் படம் இல்லாமல் ஒருவர் டயோரமாவில் வைத்திருந்தால் கற்பனை என்று சிரித்திருப்பார்கள்.

சென்னைக்காரர்களுக்குச் செங்குன்றம் தெரியும். அங்கே புழல் ஏரியில் 1942 முதல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240வது ஸ்குவாட்ரன் ‘கேட்டலினா’ என்ற நீர் விமானங்களை வைத்திருந்தது. வயிற்றால் தண்ணீரில் இறங்கும் விமானம், சக்கரம் கிடையாது. கரைக்கு ஏற்ற வேண்டுமானால் ஆட்கள் தண்ணீரில் இறங்கி நின்று, மிதக்கும் சக்கரங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டி, பிறகு சரிவுப் பாதையில் இழுக்க வேண்டும். புழல் ஏரியை டயோரமாவாக அமைக்கப் போகிறவர் தேட வேண்டியது கேட்டலினாவை அல்ல, அந்தச் சக்கரங்களையும் மார்பளவுத் தண்ணீரில் நிற்கும் மனிதர்களையும்தான்.

அதே கேட்டலினாக்கள் பெரிய பழுதுக்கு வந்து சேர்ந்த ஊர் பெங்களூர். வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஒத்துழைப்புடன் 1940 டிசம்பரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943 முதல் யுத்தம் முடியும் வரை அமெரிக்க ராணுவ விமானப்படையின் பழுதுபார்க்கும் டெப்போவாக நடந்தது. யுத்தம் முடிந்தபின் கான்பூரில் பாழாக்கிப் போடப்பட்டிருந்த ‘லிபரேட்டர்’ குண்டு விமானங்களில் சுமார் 40ஐ இதே தொழிற்சாலைக்காரர்கள் மீட்டுப் பறக்கவிட்டார்கள். 1968 வரை அவை நம் விமானப்படையில் இருந்தன. அவற்றில் சில இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா மியூசியங்களில் மரியாதையோடு நிற்கின்றன. அவற்றைச் சுற்றி நின்ற ஏணிக்கும் தள்ளுவண்டிக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. இரும்பு விலைக்கு எடைபோட்டுப் போயிருக்கும்.

தள்ளுவண்டியைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது அதைத் தள்ளிய ஆளிடம். விமானியின் பெயர், ஊர், வீழ்த்திய விமானங்களின் கணக்கு எல்லாம் கிடைக்கும். தரை ஆள் ஒருவர் பெயரோடு சரித்திரத்தில் இடம்பெற ஏதாவது விபரீதம் நடக்க வேண்டும். 1945ல் இங்கிலாந்தில் ஹிபால்ட்ஸ்டோ தளத்தில் மார்கரெட் ஹார்ட்டன் என்ற பெண் ஊழியர் ஸ்பிட்ஃபயரின் வாலில் உட்கார்ந்தார். பலத்த காற்றில் வால் தூக்கிவிடாமல் இருக்க அப்படிப் பாரமாக உட்காருவது அன்றாட வேலை. அவர் இறங்கினாரா என்று பார்க்காமல் விமானி கிளம்பிவிட்டார். வாலைக் கட்டிப் பிடித்தபடியே ஒரு சுற்று ஆகாயத்தில் போய், உயிரோடு திரும்பினார். அந்த ஸ்பிட்ஃபயர் இன்னமும் பிரிட்டனில் பாதுகாக்கப்படுகிறது. வாலில் உட்கார்ந்து ஒழுங்காக இறங்கிப் போன ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் எங்கும் இல்லை.

நம் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். வங்காளத்திலும் அசாமிலும் விமான தளங்கள் யந்திரத்தால் மட்டும் உருவாகவில்லை. சீனாவில் செங்டு அருகே 1944ல் பெரிய குண்டு விமானங்களுக்காகத் தளம் அமைத்தபோது, நூற்றுக்கணக்கானவர்கள் கயிறு கட்டி ஒரு ராட்சசக் கல் உருளையை இழுப்பதைப் படங்களில் காணலாம். இந்தியாவில் ஆண்களும் பெண்களும் கல் உடைத்தார்கள். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டினார்கள். அமெரிக்க விமானப்படையின் புகைப்படப் பிரிவிலிருந்த கிளென் ஹென்ஸ்லி என்பவர் 1944ல் வங்காளத்தில் மக்களின் அன்றாட வாழ்க்கையை எடுத்த படங்கள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. உடுப்பும் பாத்திரமும் மாட்டு வண்டியும் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆதாரம் அபூர்வம்.

பெட்டிகளில் வரும் பொம்மைகளோ பெரும்பாலும் கம்பளித் தோல் சட்டை போட்ட வெள்ளைக்கார விமானிகள். காரக்பூர்ச் செம்மண்ணில் அந்தச் சட்டையோடு ஒருவர் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. ஆகவே சேலை கட்டிய கூலிப் பெண்ணை மெழுகிலோ மாவிலோ கையால்தான் பிடிக்க வேண்டும். லண்டன்காரருக்கு அவள் கூடையின் வடிவம் தெரியாது, நமக்குத் தெரியும். ஒன்றரை அடி ஜல்லிக் கூடை 48ல் ஒரு பங்கு அளவில் ஒன்பதரை மில்லிமீட்டர் அகலம். மெல்லிய செப்புக் கம்பியில் பின்னிவிடலாம். கூடைக்கு அடியில் சும்மாடு வைக்க மறக்கக் கூடாது. அது நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.